புது ஹெட்டைப் பழசாக்கித் தரணும்

அக்கா, இவளைக் கொஞ்சம் பிடிங்க. ஆமா, பிள்ளையைத்தான். சாக்கை நான் வச்சுக்கிறேன். இல்லக்கா, மாத்திப் பிடிக்க வேண்டாம். பிள்ளை கை தவறினா அழும், தூக்கிச் சமாதானம் பண்ணிக்கிடலாம். இந்தச் சாக்கு கை தவறுச்சுன்னா உங்க கால் விரல் இருக்காது.

பேரு தன்ஷிகா. யார்ட்டன்னாலும் ஒட்டிக்கிடுவா. கடிக்கிற பழக்கமெல்லாம் கிடையாது. அப்படியே கடிச்சாலும் ரெண்டு பல்லுதான் இருக்கு.

அந்தா, கண்டக்டர் வாராரு பாருங்க. நடையைப் பாத்தாலே தெரியுது, சாக்குக்கு லக்கேஜ் கேக்கத்தான் வாராரு. இருங்க, இவரை அனுப்பிட்டுப் பேசுவோம்.

"அண்ணே, மடியில வச்சிருக்கிறதுக்கு எதுக்கு லக்கேஜ்? நடையில கிடக்கா? யாரையும் இடிக்கா? மடியில பிள்ளையை வச்சிருந்தா டிக்கெட் கேப்பீங்களா? அந்தப் பிள்ளையா? அது இந்த அக்கா மடியில இருக்கு. அவுக மடியில ஒண்ணு, என் மடியில ஒண்ணு. ஆளுக்கு ஒண்ணுதானே. போங்கண்ணே, பின்னால ஒரு ஆளு டிக்கெட் எடுக்காம சன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு."

போயிட்டாரு. நான் யார் வம்புக்கும் போறவ இல்லக்கா. நான் உண்டு, என் சோலி உண்டுன்னு இருக்கிறவ.

சாக்குல என்னன்னுதானே பாக்கீங்க? இன்ஜின் தலை. எங்க பம்புசெட்டு ஆயில் இன்ஜினோட சிலிண்டர் ஹெட்டு. நீங்க பாத்திருக்க மாட்டீங்க. இன்ஜினுக்கு மேல மூடி மாதிரி உக்காந்திருக்கும். உள்ள ரெண்டு வால்வு. ஒண்ணு மூச்சு இழுக்கும், ஒண்ணு மூச்சு விடும். அது நல்லா இருந்தா இன்ஜின் நல்லா இருக்கும். அவ்வளவுதான். இதைத் தெரிஞ்சுக்கிட எனக்கு ஒரு வாரம் ஆச்சு, உங்களுக்கு ஒரு நிமிஷத்துல சொல்லிட்டேன்.

ரிப்பேரா? இல்லக்கா, அதைத்தான் சொல்ல வாரேன். இது ரிப்பேர் இல்ல. புத்தம் புதுசு மாதிரி இருக்கு. ஊருல எல்லாரும் பழைய ஹெட்டைக் கொண்டுபோய்ப் புதுசாக்கிட்டு வருவாக. நான் இந்தப் புதுசைக் கொண்டுபோய்ப் பழசாக்கித் தாங்கன்னு கேக்கப் போறேன். சிரிக்காதீங்க. நீங்க சிரிக்கிற மாதிரிதான் எங்க ஊரே சிரிச்சுச்சு. அவங்களுக்கென்ன, தூங்காத பிள்ளை என் இடுப்புலல்ல உக்காந்திருக்கு.

முதல்ல இருந்து சொல்றேன். சங்கரன்கோவில் வர இன்னும் நேரம் இருக்கு. நீங்க எங்க இறங்கணும்? சரி, அப்புறம் சொல்லுங்க, அது வரும்போது பாத்துக்கிடுவோம்.

எங்களுக்கு மிளகாய்த் தோட்டம். கரண்டு கனெக்சனுக்கு எழுதிப் போட்டுட்டு உக்காந்திருக்கோம், அது வரும்போது வரட்டும். அதுவரைக்கும் ஆயில் இன்ஜின்தான். எங்க வீட்டுக்காரக பேரு பூவுலிங்கம். அவுக என்னைக் கட்டுறதுக்கு முந்தியே அந்த இன்ஜினை வாங்கிட்டாக. "இது இன்ஜின் இல்ல புள்ள, கூடப்பிறந்த பிறப்பு"ன்னு தட்டிக் குடுப்பாக. "கூடப்பிறந்ததுன்னா பாகம் கேக்குமே, இது டீசல்தானே கேக்குது"ன்னு நான் சொல்லுவேன். அவுகளுக்குக் கோவம் வராது. என்னைச் சொன்னாக்கூடக் கோவம் வராது. இன்ஜினைச் சொன்னா மட்டும் எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போயிருவாக.

அந்த இன்ஜினைக் கிளப்புறதுக்கு ரெண்டு ஆளு வேணும். ஒரு ஆளு ஹேண்டிலைப் போட்டுச் சுத்தணும், வேகம் வந்ததும் இன்னொரு ஆளு மேல இருக்கிற லிவரைத் தட்டிவிடணும். எங்க வீட்ல ஹேண்டில் சுத்துறது நானு. லிவர் தட்டுறது அவுக. இதை வெளிய சொல்றதில்ல. நீங்க எங்க ஊர் இல்லையே, அதனால சொல்றேன். வேகம் வந்திருச்சுன்னு அவுக தட்டும்போது வந்திருக்காது. வந்திருக்கும்போது அவுக பீடியைத் தேடிக்கிட்டு இருப்பாக. ஒரு வழியாக் கிளம்பினா, கருப்பா ஒரு புகை விடும் பாருங்க, பக்கத்துத் தோட்டத்துல காயப்போட்ட வேட்டியெல்லாம் அப்புறம் வேட்டியே இல்ல.

அந்தச் சத்தத்தை நான் உங்களுக்குச் சொல்லிக் காட்டணும். அதுலதான் எல்லாமே இருக்கு. டொக்கு, டொக்கு, டொக்கு, ம்ஹும். டொக்கு, டொக்கு, டொக்கு, ம்ஹும். அந்த நாலாவது மட்டும் வெடிக்காது. உள்ள இழுத்துக்கிடும். அப்படி இழுக்கும்போது பம்புசெட்டு ரூமே ஒரு குலுங்கு குலுங்கும்.

இவ பிறந்து, கைப்பிள்ளையா இருக்கும்போதே நான் தோட்டத்துக்குப் போக ஆரம்பிச்சுட்டேன். ரூமுக்கு வெளிய பனங்கட்டை ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும். அதுல சேலையைக் கட்டித் தொட்டில் போட்டேன். புகைக்குழாய் அந்தாப்புல, மேற்க பாத்து இருக்கும், இந்தப் பக்கம் புகை வராது. அதெல்லாம் பாத்துத்தான் கட்டினேன். இன்ஜினைக் கிளப்பிவிட்டுட்டுத் திரும்பிப் பாக்கேன், தொட்டில் தன்னால ஆடுது அக்கா. டொக்கு டொக்கு டொக்குன்னு லேசா நடுங்கும். ம்ஹும்ங்கும்போது ஒரு வீச்சு. யாரோ பக்கத்துல நின்னு ஆட்டிவிடுற மாதிரி. இவ கண்ணை மூடினவதான். நான் எல்லாப் பாத்திக்கும் தண்ணி பாய்ச்சி முடிச்சு இன்ஜினை நிறுத்தினாத்தான் கண்ணை முழிப்பா.

இந்தச் சங்கதி என் ஓரகத்திக்குத் தெரிஞ்சுபோச்சு. சண்முகவடிவுன்னு பேரு, எங்க வீட்டுக்காரகளுக்கு மூத்தவரோட சம்சாரம். வடிவக்கான்னு கூப்பிடுவேன். அதுக்கும் ஒரு கைப்பிள்ளை. "தங்கச்சி, என் மகன் வீட்ல தூங்கவே மாட்டேங்கான். ஓரமா ஒரு சேலையைக் கட்டிக்கிடவா?"ன்னு வந்துச்சு. கட்டிக்கோன்னேன். மறுநாள் அது பக்கத்து வீட்டைக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. அப்புறம் அவுக நாத்தனா. பனங்கட்டை பூரா சேலை வரிசையாத் தொங்குச்சு, ஜவுளிக்கடை மாதிரி. பிள்ளைகளைத் தூங்கப்போட்டுட்டுப் பொம்பளைகளுக்குச் சும்மா இருக்க முடியுமா? பேசிக்கிட்டே என் தோட்டத்துல இறங்கிக் களை எடுத்திருவாக. நான் யாரையும் கேக்கல. வேண்டாம்னும் சொல்லல.

ம், சொல்லுங்க? ஒண்ணுமில்லையா? சரி.

இப்படியே போயிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா மிளகாய் பூ வைக்கிற நேரத்துல தண்ணி போதல அக்கா. குழாயில வார தண்ணியைப் பாத்தா, பல்லில்லாத ஆளு வெத்தலை துப்புற மாதிரி வருது. கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேருறதுக்குள்ள முதப் பாத்தி காஞ்சு வெடிச்சிருது. டீசல் மட்டும் மடக்கு மடக்குன்னு குடிக்குது. பூவெல்லாம் கொட்ட ஆரம்பிச்சுருச்சு. காலையில போய்ப் பாத்தா, செடிக்கு அடியில வெள்ளையாக் கிடக்கும். பூ கொட்டினா காய் ஏது?

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்க"ன்னேன்.

"ஓடுற இன்ஜினை எதுக்கு நோண்டணும்?"ன்னாக.

"எங்க ஓடுது, நடக்குது. அதுவும் நாலு எட்டுக்கு ஒருதரம் நிக்குது."

"வயசான இன்ஜின் அப்படித்தான் இருக்கும்."

"சரி, நாளையில இருந்து ஹேண்டிலை நீங்க சுத்துங்க, நான் லிவர் தட்டுறேன்"னேன்.

மறுநாளே மெக்கானிக் வந்துட்டாரு.

சாமுவேல் அண்ணாச்சின்னு, சங்கரன்கோவில்ல பட்டறை வச்சிருக்காரு. இப்ப அவர்ட்டதான் போறேன். ஹெட்டைக் கழட்டித் திருப்பிப் போட்டாரு. உள்ள பாத்தா, பால் அடிப்பிடிச்ச சட்டி தோத்துப்போகும், அப்படிக் கரி. வால்வு உக்காருற இடமெல்லாம் அம்மி கொத்தின மாதிரி குழி குழியா இருக்கு. "இது வழியா மூச்செல்லாம் வெளிய போகுது தாயி. இழுத்த காத்து உள்ள நின்னாத்தானே வெடிக்கும்?"னாரு. ஹெட்டு முகத்தைக் கடைசல்ல குடுத்துச் சமமா இழைக்கணும், புது வால்வு போடணும், காத்து வார வழியை அராவி நைசாக்கணும், ஹெட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல வைக்கிற கேஸ்கட் தகடை மெலிசாப் போட்டா அமுக்கம் கூடும், இன்ஜின் பழைய வேகத்துக்கு மேலயே இழுக்கும்னு சொன்னாரு. எங்க வீட்டுக்காரக, ஆஸ்பத்திரியில டாக்டர்ட்ட கேக்குற மாதிரி, "பயப்படும்படியா ஒண்ணும் இல்லையே?"ன்னு கேட்டாக.

பட்டறைக்கு நானும் போனேன். கரியைச் சுரண்ட அண்ணாச்சி என்னமோ தகடு எடுத்தாரு. ஹெட்டை இங்க தாங்கன்னு வாங்கி, தேங்காய் நாரும் மண்ணெண்ணெயும் வச்சுத் தேச்சேன் பாருங்க, கரிக்கடியில என்னமோ நம்பர் எழுதியிருந்ததே அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அப்புறம் வால்வை அது உக்காருற இடத்துல வச்சு, பசை மாதிரி ஒண்ணைத் தடவி, அதுல மாட்டின கம்பை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சு இந்தா இப்படி, இந்தா இப்படி உருட்டணும். மோர் கடையுறதுதான் அக்கா. வேற ஒண்ணும் இல்ல. நான் உருட்டினதைப் பாத்துட்டு அண்ணாச்சி வேலைக்கே வந்திரச் சொன்னாரு. "வெண்ணெய் வருமா?"ன்னு கேட்டேன். கடைசியில மண்ணெண்ணெயை ஊத்தி நிறுத்திப் பாத்தாரு. ஒரு சொட்டு கசியல. எனக்கு இவ முதமுதல்ல குப்புற விழுந்த அன்னைக்கு வந்த சந்தோசம் வந்துச்சு.

மாட்டுறதுக்குத் தோட்டத்துக்கு வந்தாரு. ஊரே வந்திருச்சு. பொம்பளைகளெல்லாம் பிள்ளைகளைக் கொண்டாந்து தொட்டில்ல போட்டுட்டு நிக்காக. ரூமுக்குள்ள எங்க வீட்டுக்காரக இன்ஜினுக்குச் சந்தனம் குங்குமம் வச்சு, பூச்சரம் வேற சாத்திட்டாக. அண்ணாச்சி ஹெட்டை உக்கார வச்சு, மேல இருக்கிற நட்டையெல்லாம் இங்க ஒண்ணு, எதிர்ல ஒண்ணுன்னு மாத்தி மாத்தி முறுக்கினாரு. அப்புறம் கையில ஸ்பேனர் இருக்கேன்னு, கீழ, இன்ஜின் உக்காந்திருக்கிற சிமெண்டுத் திட்டுல நாலு நட்டு எப்பவும் லொடலொடன்னு கிடக்கும், அதையும் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டாரு. நல்ல மனுசன். கேக்காமலே செஞ்சாரு.

நான் ஹேண்டிலைப் போட்டேன். அரைச் சுத்துதான் சுத்தினேன் அக்கா. அவுக லிவரைத் தட்டவே இல்ல, லிவரைத் தேடிக்கிட்டு இருக்கும்போதே கிளம்பிருச்சு. டகடகடகடகடகன்னு ஒரே சீரா ஓடுது. புகை இல்ல. ம்ஹும் இல்ல. குழாயில தண்ணி வந்துச்சு பாருங்க, தொட்டிக்குள்ள விழாம தொட்டியைத் தாண்டிப் போய் விழுது. அங்க நின்ன வடிவக்கா முழுசா நனைஞ்சிருச்சு. எனக்குச் சிரிப்பு தாங்கல. கும்மி அடிக்காத குறை.

அப்புறம்தான் கவனிச்சேன். பனங்கட்டை ஆடாம நிக்குது. ஒரு தொட்டில் ஆடல. முதல்ல வடிவக்கா மகன் சேலைக்கு வெளிய தலையை நீட்டி எட்டிப் பாத்தான். அடுத்து பக்கத்து வீட்டுப் பிள்ளை. அப்புறம் இவ. எல்லாம் ஒண்ணை ஒண்ணு பாத்துச்சுங்க. பாத்துட்டு, யாரோ ஒன், டூ, திரி சொன்ன மாதிரி ஒரே நேரத்துல ஆரம்பிச்சுதுங்க பாருங்க.

இன்ஜின் சத்தமே கேக்கல அக்கா.

வடிவக்கா ஈரச் சேலையோட நின்னுக்கிட்டுக் கேக்குது, "ஏ தங்கச்சி, இன்ஜினுக்கு ஹெட்டு மாட்டினியா, பிள்ளைகளுக்கு ஆரன் மாட்டினியா?"ன்னு.

அதோட சரி. மறுநாள் யாரும் தொட்டில் கட்ட வரல. களை எடுக்கவும் வரல. "உன் இன்ஜின் இப்ப பெரிய இடத்து இன்ஜின்ல, நாங்க எதுக்கு?"ன்னு வடிவக்கா போற வழியில சொல்லிட்டுப் போகுது. "ஆமா"ன்னு மட்டும் சொன்னேன்.

ஆனா மிளகாயைப் பத்தி ஒரு குறை சொல்ல முடியாது. பொய் சொல்லக் கூடாது. பூவெல்லாம் நின்னுருச்சு. பிஞ்சு பிடிச்சிருக்கு. என் கஷ்டம் வேற. முன்னாடி தண்ணி நத்தை மாதிரி ஊர்ந்து போகும். ஒரு பாத்தி நிறையுறதுக்குள்ள நான் ஒரு வாய்க் கஞ்சி குடிச்சு, தலையை முடிஞ்சு, வடிவக்காட்ட நாலு வார்த்தை பேசிட்டு வந்து மடை மாத்துவேன். இப்ப இந்தப் பாத்தி மடையைத் திறந்துட்டு நிமிர்றதுக்குள்ள அது நிறைஞ்சு வழியுது. ஓடணும். இடுப்புல இவ, கையில மம்பட்டி, ஓட்டம். பகல்ல ஒரு கண்ணு தூங்க மாட்டேங்கா. சாயங்காலம் ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து அழுறோம். அவ எதுக்கு அழுறான்னு அவளுக்குத் தெரியாது, நான் எதுக்கு அழுறேன்னு எனக்குத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். தண்ணி குறைஞ்சா பூ கொட்டிரும். தூக்கம் குறைஞ்சா நான் கொட்டிருவேன் போல இருந்துச்சு.

கையைக் கட்டிக்கிட்டு இருந்தேன்னு நினைக்காதீங்க. எல்லாம் செஞ்சு பாத்தேன். தொட்டில் கயித்தை ஆட்டோட காலுல கட்டிவிட்டேன். ஆடு மேயும்போது காலை இழுக்கும், தொட்டில் ஆடும்னு கணக்கு. கொஞ்ச நேரம் நல்லாத்தான் ஆடுச்சு. வந்து பாத்தா ஆடு படுத்துத் தூங்கிருச்சு. இவ தொட்டில்ல எந்திரிச்சு உக்காந்து ஆட்டைப் பாத்துக்கிட்டு இருக்கா.

அப்புறம் வடிவக்கா மகனுக்கு எங்க தோட்டத்துல வச்சுக் காது குத்தினப்ப போன்ல எடுத்த வீடியோவுல, பின்னாடி எங்க பழைய இன்ஜின் சத்தம் கேக்கும்னு ஞாபகம் வந்துச்சு. வெக்கத்தை விட்டுப் போய்க் கேட்டு வாங்கி, தொட்டில் பக்கத்துல வச்சேன். டொக்கு டொக்கு டொக்குன்னு நல்லாத்தான் கேட்டுச்சு. நல்ல கட்டத்துல அவனுக்குக் காது குத்திட்டாங்க. அவன் போட்ட அலறல்ல இவ பயந்து, அன்னைக்கு ராத்திரிச் சாப்பாடும் போச்சு.

கடைசியா எங்க வீட்டுக்காரகளைப் பனங்கட்டையைப் பிடிச்சுக் குலுக்கச் சொன்னேன். பாவம், குலுக்கினாக. வாயாலயே டொக்கு டொக்குன்னு சொல்லிக்கிட்டுக் குலுக்கினாக. ஆனா அந்த ம்ஹும் அவுகளுக்கு வரல அக்கா. இடம் மாறி மாறி வருது. லிவர் தட்டுன கைதானே.

அவுக என்னமோ ஒண்ணு சொல்லிக்கிட்டே இருந்தாக. அடியில நட்டு, முறுக்கு, அன்னைக்கு அண்ணாச்சின்னு என்னமோ. அவுக பேச்சை ஆரம்பிச்சா எங்க போய் முடியும்னு அவுகளுக்கே தெரியாது. நானா, பிள்ளை அழுதுக்கிட்டு இருக்கு, நட்டாம் முறுக்காம்னு விட்டுட்டேன். ஹெட்டு மாட்டினதுல இருந்துதான் ஆட்டம் நின்னுச்சு. அப்ப ஹெட்டுதானே காரணம்? இதுல யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? நானே ஸ்பேனரை எடுத்து ஹெட்டைக் கழட்டி, சாக்குல கட்டிட்டேன். "எங்க புள்ள கொண்டுபோற?"ன்னு பின்னாலயே வந்தாக. "பழசாக்க"ன்னேன். அவுக வாசல்லயே உக்காந்துட்டாக.

இப்ப அண்ணாச்சிட்ட என்ன கேக்கப் போறேன்னா, முழுசாப் பழசாக்க வேண்டாம். பாதிப் பழசு போதும். தண்ணி இப்ப வார மாதிரி வரணும். மூணு டொக்குக்கு ஒரு ம்ஹும் மட்டும் வேணும். ஒரு வால்வுல மட்டும் லேசா ஒரு குழி போட்டா வருமா வராதான்னு அவர்தான் சொல்லணும். அவர் நல்ல மனுசன், வைய மாட்டாரு. சாக்கை ஒரு தடவை பாப்பாரு, என்னை ஒரு தடவை பாப்பாரு. இருக்கட்டும்.

என்னக்கா, திரும்பவும் என்னமோ சொல்ல வாரீங்க. கை வலிக்கா? பிள்ளை கனக்காளா? இருங்க, வாங்கிக்கி...

அக்கா.

அக்கா, இவ தூங்குறா.

ஐயோ, பாருங்களேன், வாயைத் திறந்துக்கிட்டு. எப்ப தூங்கினா? அந்தப் பாலம் தாண்டும்போதேவா? நீங்க சொல்லவே இல்லையே. சரி சரி, அசையாதீங்க. பகல்ல இவ கண்ணை மூடி நான் பாத்து எத்தனை நாளாச்சு. எப்படிக்கா? என்ன செஞ்சீங்க? ஒண்ணும் செய்யலையா?

இருங்க. இந்த வண்டி. இந்த வண்டி ஆடுறதைப் பாத்தீங்களா? சும்மா ஆடல அக்கா, கவனிங்க. மூணு தடவை நடுங்குது, அப்புறம் ஒரு தூக்கு. ஐயோ சாமி, எங்க இன்ஜின் மாதிரியே ஆடுது. இந்த வண்டிக்கு ஹெட்டு போயிருக்கு. வால்வு குழி விழுந்திருக்கு. எனக்கு நல்லாத் தெரியும்.

"அண்ணே, கண்டக்டர் அண்ணே, இங்க வாங்க. மெதுவா வாங்க, பிள்ளை தூங்குது. லக்கேஜ் இல்லண்ணே, அது அப்பமே முடிஞ்சுபோச்சு. இந்த வண்டிக்கு ஹெட்டு போயிருச்சா? இந்த ஆட்டம் ஆடுதே. தயவு செஞ்சு அதை மாத்திராதீங்க. மாத்துறதா இருந்தா பழைய ஹெட்டை எனக்குக் குடுத்திருங்க."

"ஹெட்டா? இப்பத்தானம்மா பட்டறையில ஹெட்டு வேலை முழுசாப் பாத்து வண்டி வந்துச்சு. இன்ஜின் சும்மா ராசா மாதிரி இருக்கு. ஆட்டம் அதனால இல்லம்மா. இன்ஜினைத் தாங்குற போல்ட்டெல்லாம் அடியில லூசு. மேல எவ்வளவு நல்லா இருந்தா என்ன, அடி லூசா இருந்தா ஆடத்தானே செய்யும். முதலாளி அதை முறுக்க மாட்டேங்காரு."

...

இல்லக்கா. ஒண்ணுமில்ல. சும்மா இருக்கேன். எனக்கும் சும்மா இருக்கத் தெரியும்.

...

அக்கா, அந்த நாலு நட்டு.

சிரிங்க. சத்தம் போடாமச் சிரிங்க. உங்களுக்கு அப்பமே தெரியுமா? நான் நட்டைப் பத்திச் சொன்னப்பவே தெரியுமா? அதுக்குத்தான் வாயை வாயைத் திறந்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இந்த மடியில இவ்வளவு நேரம் இந்த இரும்பைத் தூக்கிச் சுமந்திருப்பேனா? ரெண்டு தொடையும் மரத்துப்போச்சு. அரைச் சுத்து அக்கா. நாலு நட்டையும் இடது கைப் பக்கமா அரைச் சுத்து. வேலை அவ்வளவுதான். ஹெட்டு இதே ஹெட்டு. தண்ணியும் வரும், தொட்டிலும் ஆடும். வடிவக்காவும் வரும். வந்தா முதல் நாள் பேசக் கூடாது, ரெண்டாம் நாள் பேசிக்கிடலாம்.

ஆனா ஒண்ணு. அவுகட்ட இதைச் சொல்ல முடியாது. அவுக அடியில நட்டு, அடியில நட்டுன்னு எத்தனை தடவை சொன்னாக. அது இதைத்தான் போல. சரின்னு ஒத்துக்கிட்டா அப்புறம் நான் ஹேண்டில் சுத்துறதுல கூடத் தப்புக் கண்டுபிடிப்பாக. நான் என்ன செய்யப் போறேன்னா, சங்கரன்கோவில்ல இறங்கி ஒரு புது கேஸ்கட் மட்டும் வாங்கிக்கிடுவேன். ஹெட்டைக் கழட்டினா கேஸ்கட் புதுசு போடணும்னு அண்ணாச்சி அன்னைக்கே சொல்லியிருக்காரு. அப்படியே இதே வண்டியில திரும்பிருவேன். "பழசாக்கிட்டியா புள்ள?"ன்னு கேப்பாக. "பாதிப் பழசாக்கிட்டாரு"ன்னு சொல்லுவேன். அவுக டீ குடிக்கப் போற நேரமாப் பாத்து நட்டைத் தளத்திருவேன். பாக்க மாட்டாக. அவுகளுக்கு லிவர் இருக்கிற இடமே அப்பப்ப மறந்துபோகும்.

ஏன்க்கா எந்திரிக்கப் பாக்கீங்க? உக்காருங்க. என்ன? ஆவுடையாபுரம் விலக்கா, அந்த ஊர் ரோடு பிரியுற இடமா? அது அப்பமே போயிருச்சே. அங்கதான் நாலு பேரு இறங்கினாங்க, நான் ஆட்டைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருக்கும்போது. நீங்க அங்கயா இறங்கணும்? முதல்லயே சொல்லியிருக்கலாம்ல. நான் என்ன உங்க வாயையா பொத்தினேன்?

கோவப்படாதீங்க அக்கா. சங்கரன்கோவில் வரைக்கும் வாங்க. திரும்பும்போது உங்களுக்கும் சேத்து நானே டிக்கெட் எடுக்கேன். கண்டக்டர் நமக்குத் தெரிஞ்ச ஆளுதானே இப்ப. காய் பறிக்கும்போது ஒரு பை மிளகாய் எடுத்து வைக்கேன், விலக்குல வந்து தாரேன். நிஜமாத் தாரேன்.

என்ன, வண்டி நின்னுருச்சு. ரயில்வே கேட்டா? இன்ஜினை வேற நிறுத்திட்டாரே டிரைவரு. அக்கா, இவ புருவத்தைச் சுளிக்கா பாருங்க. முழிக்கப் போறா. அக்கா, மடியை ஆட்டுங்க. வேகமா இல்ல, லேசா. நான் சொல்றேன், அதுக்குத் தக்கன ஆட்டுங்க. டொக்கு. டொக்கு. டொக்கு. இப்ப ஆட்டாதீங்க, இந்த இடத்துல ஒண்ணை விடணும். விட்டுட்டு ஒரு தூக்கு.

ஆங். அதுதான் ம்ஹும்.

எங்க வீட்டுக்காரகளுக்கே இது வரல அக்கா. உங்களுக்கு எடுத்த எடுப்புல வந்திருச்சு.